மேசைக்கு அடியில் இருந்த கலண்டர்

டிசம்பர் பாதி கழிந்தால் வெள்ளவத்தையில், காலி வீதி நெடுகிலும், சீலைக்கடை, நகைக்கடை, பலசரக்குக்கடை எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "கலண்டர் வந்திட்டுதோ?" மேலே லட்சுமி, கீழே கடையின் பெயர் கொட்டை எழுத்தில், நடுவே ராகுகாலத்தோடு கிழிக்கும் தாள்கள். 365 நாளும் வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் விளம்பரத்தை நாங்களே போய்க் கேட்டு வாங்கி, ஆணியும் அடித்து மாட்டினோம். கேட்டவர்கள் எல்லாருக்கும் அது கிடைக்காது. முதலாளி முகத்தைப் பார்ப்பார். வருடம் முழுக்க வந்துபோன முகம் என்றால் மேசைக்கு அடியிலிருந்து சுருள் ஒன்று வெளியே வரும். மற்றவர்களுக்கு, "முடிஞ்சுது தங்கச்சி."

இப்போது விளம்பரம் கேளாமலே மின்னஞ்சலில் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் இணையக் கடை ஒன்றில் கிரைண்டர் வாங்கினேன். அன்றிலிருந்து அந்தக் கடை எனக்குக் கிரைண்டர் விற்கப் பார்க்கிறது. சமையலறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்னொன்றை வைக்க இடமில்லை.

கேளாமல் வரும் இந்த விளம்பரக் கடிதத்தின் பிறப்பு 1978 மே மாதத்தில். டிஜிட்டல் இக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க். புதிய டெக்சிஸ்டம்-20 கணினிகளைக் கலிபோர்னியாவில் காட்சிக்கு வைத்து, ஆட்களைக் கூப்பிட நினைத்தார். தனித்தனியாக எழுதினால் எப்போது முடிப்பது? இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டைப் பாவித்தவர்களின் முகவரிகள் அச்சிட்ட புத்தகமாகவே இருந்தன. அதைப் பார்த்து ஏறக்குறைய 400 முகவரிகளைத் தட்டெழுதி, ஒரே கடிதமாக அனுப்பினார்கள். முகவரிக்குரிய இடம் நிரம்பி வழிந்து, மிச்சப் பெயர்கள் கடிதத்துக்குள்ளேயே கொட்டுப்பட்டன. பெயர்களைக் கடந்து கீழே போனால்தான் விடயம் தெரியும், அதுவும் முழுக்கப் பெரிய எழுத்தில், கத்துவதுபோல. வலையமைப்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடையது. முறைப்பாடு பறந்தது, கண்டிப்பும் வந்தது. ஆனால் அதனால் பல மில்லியன் டொலருக்கு விற்பனை நடந்ததாகத் தூர்க் பிற்காலத்தில் சொன்னார். வழக்கம் ஏன் அன்றே நிற்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு?

இப்படியான கடிதங்களுக்கு 'ஸ்பாம்' என்ற பெயர் பின்னால் ஒட்டியது. 1937இல் சந்தைக்கு வந்த பன்றியிறைச்சி டின்னின் பெயர் அது. 1970இல் மொன்டி பைத்தன் குழு அதை ஓயாமல் உச்சரித்து ஒரு நகைச்சுவைக் காட்சி செய்தது. எங்களூரில் பிறந்திருந்தால் டின்மீன் என்றே பெயர் வைத்திருப்போம்.

வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் வித்தை இந்த விளம்பரக் கடிதத்தைவிடப் பழையது. 1896இலேயே அமெரிக்காவில் ஸ்பெரி அன்ட் ஹட்சின்சன் நிறுவனம் கடைக்காரருக்குப் பச்சை முத்திரைகளை விற்றது. சாமான் வாங்கியவர்கள் முத்திரைகளைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, அதைக் கொடுத்துப் பொருள் எடுத்தார்கள். முத்திரைக்கு நீங்கள் யாரென்று தெரியாது, ஒட்டினால் போதும். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பயணப் புள்ளித் திட்டத்தைத் தொடங்கியபோது இது மாறிவிட்டது. அடிக்கடி பறப்பவர்களைப் பிடிக்க, கணினி முன்பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்த தொலைபேசி இலக்கங்களைத் தேடினார்கள். முதலாளி பார்த்த முகத்தின் இடத்தில் இலக்கம் வந்து உட்கார்ந்தது அங்கேதான்.

அந்த இலக்கத்தைத்தான் இன்று கொட்டாஞ்சேனையில் பருப்பு வாங்கினாலும், புள்ளி சேர்க்கவென்று காசாளர் பிள்ளை கேட்கிறது. பின்னால் வரிசை, யோசிக்க நேரமில்லை, சொல்லிவிடுகிறோம். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்திகளை அனுப்பச் சம்மதம் வேண்டும், வேண்டாமென்றால் செலவில்லாமல் விலக வழி இருக்க வேண்டும் என்கிறது. புள்ளிக்காக இலக்கத்தைச் சொன்னது விளம்பரத்துக்கும் சம்மதமா? என் கணக்கில் இல்லை.

ஒரு கடையின் படிவத்தில் பிறந்த நாளையும் கேட்டார்கள். சோம்பலில் ஜனவரி 1 என்று போட்டேன். ஒவ்வொரு புத்தாண்டு விடியலிலும் அந்தக் கடை என்னை மனமார வாழ்த்துகிறது, பத்து வீதக் கழிவோடு.

போன டிசம்பரில் வழமையான பலசரக்குக்கடைக்குப் போனேன். பழைய முதலாளியின் இடத்தில் மகன்.

"தம்பி, கலண்டர் வந்திட்டுதோ?"

"இந்த முறை அடிக்கேல்லை அக்கா. நம்பரைச் சொல்லுங்கோ, வாட்ஸ்அப்பில அனுப்பிவிடுறன்."

சொன்னேன். கலண்டர் அன்று பின்னேரமே வந்தது. அடுத்த நாள் காலை, அரிசி விலையும் வந்தது.