வீடியோ விளையாட்டுகளில் மனநோய்: விதிகள் சொல்லும் கதை

மனநோயை உள்ளிருந்து எழுதிப் பார்ப்பது இலக்கியத்துக்குப் புதிதல்ல. ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' 1835இல் வெளிவந்தது. தமிழில் எம்.வி. வெங்கட்ராம் தன் சொந்த அனுபவத்தை அடியொற்றி 'காதுகள்' நாவலை எழுதினார். காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் குரல்களோடு ஒரு மனிதன் வாழ்ந்து தீர்ப்பதுதான் அதன் பொருள். 1993இல் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இத்தகைய படைப்புகளில் வாசகர் எவ்வளவு ஒன்றிப்போனாலும் அவர் பார்வையாளர்தான். பாத்திரம் எடுக்கும் முடிவுகளுக்கு அவர் பொறுப்பல்ல.

வீடியோ விளையாட்டில் நிலைமை வேறு. அங்கே கதை பாதி, விதிகள் மீதி. எதைச் செய்தால் மதிப்பெண், எதைச் செய்தால் மரணம், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பதெல்லாம் நிரலில் விதிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆடுபவர் அவற்றைத் தன் விரல்களால் மணிக்கணக்கில் பழகுகிறார். கதை மனநோயாளியைப் பற்றி எவ்வளவு கனிவாகப் பேசினாலும், விதி அவரை எதிரியாகவோ வெறும் எண்ணாகவோ வைத்திருந்தால், ஆடுபவர் மனதில் தங்குவது விதிதான். ஆகவே ஒரு விளையாட்டு மனநோயை உண்மையாகவும் மரியாதையாகவும் காட்டுகிறதா என்று அறிய, அதன் வசனங்களைவிட அதன் விதிகளைப் படிப்பதே நல்லது. சில விளையாட்டுகளை அப்படிப் படித்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

மருத்துவமனை என்னும் பேய்வீடு

நெடுங்காலமாக விளையாட்டுகளில் மனநோய் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில்தான் வந்தது. முதலாவது, மனநல மருத்துவமனையைப் பேய்வீடாக்குவது. 2013இல் கனடாவின் ரெட் பேரல்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'அவுட்லாஸ்ட்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு பத்திரிகையாளர் கையில் வீடியோ கேமராவுடன் மலைமேல் இருக்கும் மனநோய் விடுதிக்குள் நுழைகிறார். கதைப்படி அங்கிருக்கும் நோயாளிகள் ஒரு நிறுவனத்தின் கொடூரமான சோதனைகளுக்குப் பலியானவர்கள். நம் அனுதாபத்துக்கு உரியவர்கள். ஆனால் ஆடுபவர் கற்றுக்கொள்ளும் விதி ஒன்றே ஒன்று: இருட்டில் நோயாளி துரத்தினால் ஓடு, கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்.

தமிழ்ப் பேச்சிலும் இதற்கு இணையான ஒரு வழக்கம் உண்டு. 'சைக்கோ' என்ற சொல் நம்மிடம் தொடர்கொலைகாரனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மருத்துவத்தில் சைக்கோசிஸ் என்பது, பிறருக்குக் கேட்காத குரல் கேட்பது, இல்லாததைக் காண்பது, ஆதாரமற்ற ஒரு நம்பிக்கையை விடமுடியாமல் பற்றிக்கொள்வது என்று யதார்த்தத்தின் மீதான பிடி தளரும் நிலையைக் குறிக்கும். அந்நிலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. சைக்கோசிஸை உண்டாக்கும் நோய்களில் ஒன்றான மனச்சிதைவு நோய் மட்டும் உலகில் 2 கோடிக்கும் அதிகமானோருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 'அவுட்லாஸ்ட்' போன்ற ஒன்றை வாங்கி ஆடுபவர்களிலும் அவர்கள் இருப்பார்கள். தன்னைப் போன்றவரைக் கண்டு ஓடி ஒளியும்படி அந்த விளையாட்டு அவர்களுக்கும் கட்டளையிடுகிறது.

அதே கட்டடத்தை வேறு விதியோடும் காட்டலாம். இத்தாலியின் எல்கேஏ குழு 2016இல் வெளியிட்ட 'தி டவுன் ஆஃப் லைட்', டஸ்கனி பகுதியில் வோல்டெர்ரா என்னும் ஊரில் உண்மையாகவே இருந்த மனநோய் விடுதியைக் களமாகக் கொண்டது. 1938இல், 16 வயதில், அங்கே அடைக்கப்பட்ட ரெனே என்ற பெண்ணாக, பாழடைந்து கிடக்கும் அக்கட்டடத்தில் நாம் நடக்கிறோம். யாரும் துரத்துவதில்லை. கட்டிலில் கட்டிவைக்கும் வார்களும் மருத்துவக் குறிப்பேடுகளும்தான் கண்ணில் படுகின்றன. பயம் வருகிறது, ஆனால் அது நோயாளியைக் கண்டு வரும் பயமல்ல, சிகிச்சை என்ற பெயரில் அவளுக்குச் செய்யப்பட்டதைக் கண்டு வரும் பயம். இத்தாலி 1978இல் சட்டம் இயற்றி இவ்வகை விடுதிகளை மூடத் தொடங்கியது.

புத்திக்கு ஒரு மீட்டர்

இரண்டாவது வடிவம் கணக்கு சார்ந்தது. 1981இல் அமெரிக்காவில் வெளியான 'கால் ஆஃப் துலு' என்ற மேசை விளையாட்டில், உயிருக்குப் புள்ளிகள் இருப்பதுபோல் புத்தித் தெளிவுக்கும் புள்ளிகள் இருந்தன. விபரீதமான ஒன்றைக் கண்டால் புள்ளி குறையும். மிகவும் குறைந்தால் பாத்திரம் நம் கையைவிட்டுப் போய்விடும். கணினிக்கு இது தோதான யோசனை. ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பூஜ்யத்தை நெருங்கினால் திரையைக் கோணலாக்கிவிடலாம்.

2002இல் நின்டெண்டோ கேம்கியூபுக்காக வந்த 'எடர்னல் டார்க்னெஸ்' இதை நுட்பமாகக் கையாண்டது. மீட்டர் குறையக் குறைய விளையாட்டு ஆடுபவரையே ஏமாற்றத் தொடங்கும். தொலைக்காட்சியின் ஒலி தானாகக் குறைவதுபோல் காட்டும். சேமித்த கோப்புகளை அழிப்பதுபோல் பாவனை செய்யும். இந்தப் புத்தி மீட்டர் முறைக்கு நின்டெண்டோ 2005இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது.

இதிலுள்ள கோளாறு என்ன? மீட்டர் என்பது மனநோயை ஒரே நேர்கோட்டில் வைக்கிறது: ஒரு முனையில் தெளிவு, மறு முனையில் பைத்தியம். உண்மையில் குரல் கேட்கும் ஒருவர் அதே வேளையில் சமைப்பார், கணக்குப் போடுவார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார். இதைவிடக் கடுமையான பாடத்தை 2016இல் வந்த 'டார்க்கெஸ்ட் டஞ்சன்' கற்பிக்கிறது. அதில் வீரர்களின் மன அழுத்தம் 0 முதல் 200 வரை எண்ணாக ஓடுகிறது. 100ஐத் தொட்டால் பெரும்பாலும் ஏதேனும் ஒரு மனக்குலைவு, 200இல் மாரடைப்பு. குலைந்தவரைத் தேற்றப் பணம் செலவாகும். புதியவரோ செலவின்றிக் கிடைப்பார். எனவே நொந்தவரை வேலையைவிட்டு அனுப்பிவிடுவது லாபம் என்று ஆடுபவர் விரைவில் கண்டுகொள்கிறார். அந்த விளையாட்டின் இருண்ட உலகப் பார்வைக்கு இது பொருத்தமாகவே இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நம் அலுவலகங்களில் பலரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பதால், சற்று உறுத்தவும் செய்கிறது.

செனுவாவின் குரல்கள்

2017 ஆகஸ்டில் வெளிவந்த 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' இவ்விரு வழக்கங்களிலிருந்தும் விலகியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் நிஞ்ஜா தியரி என்ற நிறுவனத்தின் சுமார் 20 பேர் கொண்ட குழு, டமீம் அண்டோனியாடஸ் இயக்கத்தில் இதை உருவாக்கியது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகளைச் சேர்ந்த செனுவா, வடபுலக் கொள்ளையரிடம் உயிரிழந்த தன் காதலன் டில்லியனின் ஆன்மாவை மீட்க, அவன் தலையை இடுப்பில் கட்டிக்கொண்டு நரகம் தேடிப் போகிறாள். அவளுக்குச் சைக்கோசிஸ் உண்டு. குரல்கள் கேட்கின்றன, காட்சிகள் தெரிகின்றன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவரும் நரம்பியல் பேராசிரியருமான பால் ஃபிளெட்சர் ஆலோசகராக இருந்தார். குரல் கேட்டலை ஆராய்ந்து வரும் டர்ஹாம் பல்கலைக்கழக உளவியலாளர் சார்ல்ஸ் ஃபெர்னிஹோவும் உதவினார். வெல்கம் டிரஸ்ட் அறக்கட்டளை நிதி தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குரல் கேட்டு வாழ்பவர்களே உருவாக்கத்தின்போது விளையாட்டைப் பார்த்துத் தங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுக் கருத்துச் சொன்னார்கள்.

அதன் பலன் விதிகளில் தெரிகிறது. மனிதத் தலையில் காதுகள் இருப்பதுபோல் அமைந்த இரட்டை ஒலிவாங்கியில் குரல்கள் பதிவு செய்யப்பட்டன. காதணி ஒலிப்பானில் கேட்டால் ஒரு குரல் இடப்பக்கம் கிசுகிசுக்கும், இன்னொன்று பிடரியில் சிரிக்கும், மூன்றாவது முன்னால் வந்து திட்டும். திரையில் உயிர் மீட்டர் இல்லை, வரைபடம் இல்லை, குறிப்புகள் இல்லை. சண்டையில் பின்னாலிருந்து எதிரி வந்தால் எச்சரிப்பது அந்தக் குரல்களில் ஒன்றுதான். "உன்னால் முடியாது" என்று நோகடிப்பதும் அவைதான். குரல்களை ஒட்டுமொத்தமாக வெறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. குரல் கேட்பவர்கள் பலர் அவற்றோடு கொண்டிருக்கும் உறவு இப்படிச் சிக்கலானதே. அடைபட்ட கதவுகளைத் திறக்க, மரக்கிளையும் நிழலும் சேர்ந்து உண்டாக்கும் எழுத்து வடிவங்களைச் சுற்றுப்புறத்தில் தேடவேண்டும். தொடர்பில்லாத பொருட்களில் தனக்கான செய்தி இருப்பதாகத் தோன்றும் சைக்கோசிஸ் அனுபவத்தை ஆடுபவரின் கண்ணுக்கே பழக்கும் உத்தி இது.

கதையின் மையமோ குரல்கள் அல்ல. மகளின் நிலையைச் சாபம் என்று சொல்லி அடைத்து வைத்த தந்தையும், அதே நிலைக்காக எரித்துக் கொல்லப்பட்ட தாயும்தான் செனுவாவின் ஆறாத புண்கள். குரல் கேட்பதைவிட, குரல் கேட்பவளை மற்றவர்கள் நடத்திய விதமே அவளை அதிகம் உடைத்தது. முடிவில் குரல்கள் மறைந்து அவள் 'குணமாவதில்லை'. அவற்றோடு நடக்கப் பழகுகிறாள்.

செனுவாவாக நடித்த மெலினா யூர்கென்ஸ் அந்நிறுவனத்தின் வீடியோ தொகுப்பாளர், முன்பு நடித்தவரல்லர். 2018ஆம் ஆண்டு பாஃப்டா விருதுகளில் அவருடைய நடிப்புக்கானது உட்பட 5 விருதுகளை இவ்விளையாட்டு பெற்றது.

தோல்விக்கு என்ன விதி?

குறையே இல்லையா என்றால், உண்டு. தொடக்கத்தில் ஒரு மிரட்டல் வருகிறது: நீங்கள் தோற்கும் ஒவ்வொரு முறையும் செனுவாவின் கையில் ஒரு கருமை படரும், அது தலையை எட்டினால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆடவேண்டும். உண்மையில் அப்படி நடப்பதே இல்லை என்று ஆட்டக்காரர்கள் பின்னர் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். பதற்றத்தையும், ஆதாரமற்ற நம்பிக்கையின் பிடியையும் ஆடுபவருக்கு உணர்த்தும் நல்ல தந்திரம் என்று சிலர் பாராட்டினார்கள். ஏற்கெனவே பதற்றநோய் உள்ளவர்களை இது ஆடவிடாமல் விரட்டிவிடும் என்று சிலர் கண்டித்தார்கள். இரண்டும் நியாயம்தான். யாரைப் பற்றிய விளையாட்டோ அவர்களுக்கே அது கதவைச் சாத்துகிறது என்றால், மரியாதையில் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது.

இதே கேள்விக்கு 2018 ஜனவரியில் வந்த 'செலஸ்ட்' வேறு விடை தந்தது. மலையேறும் மேடலின் என்ற பெண்ணுக்கு மனச்சோர்வும் திடீர்ப் பீதியும் உண்டு. மலை மிகக் கடினம். ஆயிரக்கணக்கில் விழுந்து சாகவேண்டியிருக்கும். ஆனால் செத்த அடுத்த நொடியே அருகிலிருந்து மீண்டும் தொடங்கலாம். எத்தனை முறை செத்தோம் என்பதை எண்ணி, அதற்காகப் பெருமைப்படு, அத்தனையும் கற்றல்தான் என்கிறது விளையாட்டு. வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது.

ஒரு காட்சி முக்கியமானது. அந்தரத்தில் நின்றுபோன கம்பிவட வண்டியில் மேடலினுக்குப் பீதி வருகிறது. நண்பன் தியோ, ஓர் இறகு காற்றில் மிதப்பதாக நினைத்து மூச்சைச் சீராக்கச் சொல்கிறான். பொத்தானை அழுத்தியும் விட்டும் இறகை மிதக்கவைப்பது நம் வேலை. பின்னொரு கட்டத்தில் மேடலின் அதே உத்தியைக் கையாள, அது பலிக்காமல் போகிறது. மூச்சுப் பயிற்சி உதவும், எப்போதும் உதவாது. இந்த நேர்மை அறிவுரைப் புத்தகங்களில்கூட அரிது. தன்னைத் துரத்தும் தன் நிழலுருவை அவள் கடைசியில் கொல்வதில்லை. சமாதானமாகி, இருவரும் சேர்ந்து ஏறுகிறார்கள். அப்போதுதான் அவளுக்குக் கூடுதல் தாவலே கிடைக்கிறது.

எளிய கருவியாலும் இதைச் செய்யலாம். 2013இல் ஸோயி குவின் வெளியிட்ட 'டிப்ரஷன் குவெஸ்ட்' பெரும்பாலும் எழுத்தாலானது. ஒவ்வொரு கட்டத்திலும் தேர்வுகளின் பட்டியல் வரும். "எழுந்து உற்சாகமாக வேலையைப் பார்" என்ற வகைத் தேர்வும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது அடிக்கப்பட்டிருக்கும், சொடுக்க முடியாது. சோர்வு கூடக்கூட அடிபட்ட வரிகளும் கூடும். மனச்சோர்வு உள்ளவரிடம் "கொஞ்சம் வெளியே போய்வந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும் உறவினர்கள் எல்லோரும் ஒருமுறை இதை ஆடவேண்டும். வழி தெரியாமல் அவர் படுத்திருக்கவில்லை. வழி தெரிகிறது, கால் எழவில்லை.

அனுபவித்துப் பார்த்தால் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குரல் கேட்பதைப் போலிசெய்து மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் அனுபவிக்கக் கொடுத்த சோதனைகள் பல உண்டு. அவற்றைத் தொகுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இருமுகமான முடிவைச் சொன்னது. அனுபவித்தவர்களுக்குப் பரிவு கூடுகிறது; கூடவே, அத்தகையவர்களிடமிருந்து விலகியிருக்கும் விருப்பமும் கூடுகிறது. யோசித்தால் வியப்பில்லை. பத்து நிமிடம் நோய்க்குறிகளை மட்டும் அனுபவித்தவருக்குப் பயம்தான் மிஞ்சும். அந்த மனிதரின் அன்பு, திறமை, நகைச்சுவை, சமாளிக்கும் சாமர்த்தியம் எதுவும் அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை. 'ஹெல்பிளேட்' எட்டு மணி நேரம் போல நம்மைச் செனுவாவோடு நடக்கவைப்பதன் பொருள் இதுவே. குரல்களைக் கேட்டபின்னும் அவளை விட்டு ஓடாமல் அவளுக்காகக் கவலைப்படுகிறோம்.

இதுவரை பார்த்தவற்றைக் கொண்டு, புதிதாக ஒரு விளையாட்டை எடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்விகளை இப்படித் தொகுக்கலாம்:

1. நோயுள்ளவர் இதில் நாம் சுடவோ ஓடவோ வேண்டிய எதிரியா, அல்லது நாம் நடத்திச்செல்லும் மனிதரா?

2. நோய் ஒரே எண்ணாகச் சுருங்கியிருக்கிறதா? நோயோடு இருந்துகொண்டே அவர் வேறு எதையாவது திறம்படச் செய்கிறாரா?

3. தோற்றவரை விளையாட்டு என்ன செய்கிறது? நோயுள்ள ஒருவரே இதை ஆட முடியுமா?

4. முடிவில் நோய் ஒரு பூதத்தைப்போல் வெட்டி வீழ்த்தப்படுகிறதா, அல்லது வாழ்க்கை அதையும் சேர்த்துத் தொடர்கிறதா?

5. உருவாக்கியபோது அந்த நோயை வாழ்ந்தவர்களிடம் கேட்டார்களா?

நான்காவது கேள்விதான் இவற்றில் கடினமானது. விளையாட்டு என்றாலே வெற்றி வேண்டும். மனநோயிலோ பலருக்கு அப்படி ஒரு கடைசிக் கட்டம் கிடையாது. மாத்திரையும் உறக்கமும் உறவும் சேர்ந்து இன்றைய நாளைக் கடத்துவதே அங்கே வெற்றி. அதை வெற்றியென்று ஆடுபவரின் விரல்கள் ஏற்கும்படி விதி எழுதுவது, திரையைக் கோணலாக்குவதைவிடக் கடினமான நிரல்வேலை. சிலர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இனி வருபவர்கள் மீட்டருக்கும் பேய்வீட்டுக்கும் திரும்பினால், வேறு வழி தெரியவில்லை என்று சொல்ல முடியாது.