தமிழ்த் திரைப்பட வகைமைகள்: தோற்றமும் அடையாளக் கூறுகளும்

திரைப்பட வகைமை என்பது கதைக்களம், கதைமாந்தர், மோதல், உரையாடல் மொழி, காட்சி அடையாளங்கள் ஆகியவற்றால் ஒத்திருக்கும் படங்களின் தொகுதியைக் குறிக்கும். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை அரங்குக்குள் நுழையும் முன்பே பார்வையாளருக்கு உணர்த்துவது வகைமையின் முதன்மைப் பணி.

மேற்கத்தியத் திரைப்படங்களை இசைப்படம், திகில் படம், துப்பறியும் படம் என்று பிரிப்பது வழக்கம். தமிழ்த் திரையுலகின் தொடக்கக் காலத்தில் புழங்கிய பெயர்கள் வேறு: புராணப் படம், ராஜா ராணிப் படம், சமூகப் படம். பாட்டும் நகைச்சுவையும் இம்மூன்றுக்கும் பொது என்பதால் அவற்றைக் கொண்டு படங்களைப் பிரிக்க இயலவில்லை. கதை நடப்பது தெய்வங்களின் உலகிலா, அரசர்களின் உலகிலா, சமகால மனிதரின் உலகிலா என்பதே பிரிவுக்கு அடிப்படையாக அமைந்தது.

புராணப் படம்

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான 'கீசக வதம்' மகாபாரதக் கிளைக்கதையை எடுத்துக்கொண்டது. ஆர். நடராஜ முதலியார் இதை இயக்கினார். 1931இல் எச். எம். ரெட்டி இயக்கத்தில் 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படமாக வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த படங்களில் பெரும்பாலானவை புராண, இதிகாசக் கதைகளே. மேடையில் பலமுறை நடிக்கப்பட்ட நாடகங்கள் நடிகர்களோடும் பாடல்களோடும் திரைக்கு வந்தன. எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி' (1934) அத்தகைய படம்.

இவ்வகையின் கூறுகள் தெளிவானவை: முன்பே அறிந்த கதை, கர்நாடக இசைப் பாடல்கள், வடசொற்கள் கலந்த உரையாடல், தந்திரக் காட்சிகளால் நிகழும் தெய்வ அற்புதம், அறம் வெல்லும் முடிவு. கதை தெரிந்ததே என்பதால் ரசிகரின் ஆர்வம் பாடுபவர் மீது குவிந்தது. நன்றாகப் பாடுபவரே கதாநாயகர் ஆனார்.

சமூகப் படம்

சமகால மனிதர்களின் கதையைச் சொன்ன தொடக்கக் காலப் படங்களுள் குறிப்பிடத்தக்கது 'மேனகா' (1935). வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய இப்படத்தை ராஜா சாண்டோ இயக்கினார், டி. கே. எஸ். சகோதரர்கள் நடித்தனர். கே. சுப்பிரமணியம் 'சேவாசதனம்' (1938), 'தியாகபூமி' (1939) ஆகிய படங்களில் பெண்ணின் நிலையையும் தேசிய இயக்கத்தையும் பேசினார். கல்கியின் கதையை ஒட்டி உருவான 'தியாகபூமி'யை பிரிட்டிஷ் அரசு தடை செய்தது.

புராணப் படத்தில் தீமை அசுரன் வடிவில் வந்தது. சமூகப் படத்தில் அந்த இடத்தைக் குடும்பமும் சாதியும் வறுமையும் பிடித்தன. மோதலின் தன்மை மாறியதும் உரையாடல் முதன்மை பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலப் படச்சுருள் தட்டுப்பாட்டால் படங்களின் நீளத்துக்கு அரசு வரம்பு விதித்ததும், பாடல்களின் எண்ணிக்கை குறைய ஒரு காரணமாயிற்று. சி. என். அண்ணாதுரை எழுதிய 'வேலைக்காரி' (1949), மு. கருணாநிதி வசனம் எழுதிய 'பராசக்தி' (1952) ஆகியவற்றில் அடுக்குமொழி வசனமே ரசிகரை ஈர்த்தது. புராணப் படத்தில் பாட்டு வகித்த இடத்தை 'பராசக்தி'யில் நீதிமன்றக் காட்சியின் நீண்ட உரை பெற்றது.

ராஜா ராணிப் படம்

கற்பனை நாடு, அரண்மனைச் சதி, வாட்போர், மக்களுக்காகப் போராடும் வீரன் ஆகியவை இவ்வகையின் கூறுகள். எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) பிரம்மாண்ட அரங்கமைப்பையும் முரசு நடனத்தையும் இதில் சேர்த்தது. கதை நடப்பது வரைபடத்தில் இல்லாத நாட்டில் என்பதால், சமகால ஆட்சியைப் பற்றிய கருத்துகளை அதில் மறைமுகமாகச் சொல்ல முடிந்தது. 'மந்திரி குமாரி' (1950), எம். ஜி. ஆர். இயக்கி நடித்த 'நாடோடி மன்னன்' (1958) ஆகியவை இந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்தின.

எல்லையைச் சோதித்த படம்: அந்த நாள்

ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடல், நடனம், சண்டை எதுவும் இல்லாத துப்பறியும் படம். போர்க்காலச் சென்னையில் வானொலிப் பொறியாளர் ஒருவர் கொல்லப்படுகிறார். அவரைப் பற்றிப் பலரும் தத்தம் பார்வையில் சொல்வதன் வழியே கதை விரிகிறது. இந்த உத்தி அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) படத்தோடு ஒப்பிடப்படுகிறது. நாயகனாக உயர்ந்துகொண்டிருந்த சிவாஜி கணேசன் இதில் தேசத்துரோகியாக நடித்தார்.

தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற இப்படம் வசூலில் பின்தங்கியது. பாட்டு என்பது குறிப்பிட்ட ஒரு வகைமையின் கூறு அல்ல, தமிழ்ப் படம் என்பதற்கே அன்றைய ரசிகர்கள் எதிர்பார்த்த அடிப்படை என்பதை இது காட்டியது. பாலச்சந்தர் பின்னர் எடுத்த மர்மப் படமான 'பொம்மை' (1964) பாடல்களுடன் வெளிவந்தது.

பிற்கால மாற்றம்

புராணப் படங்கள் குறைந்திருந்த காலத்தில் ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) பெருவெற்றி பெற்றது. பாட்டை மட்டும் நம்பாமல், சமூகப் படம் வளர்த்த வசனத்திறனையும் நகைச்சுவையையும் அது புராணத்துக்குள் கொண்டுவந்தது. பாரதிராஜாவின் 'பதினாறு வயதினிலே' (1977) படப்பிடிப்பை அரங்கிலிருந்து ஊருக்குள் கொண்டுசென்று, வட்டார வழக்கையும் நிலக்காட்சியையும் கிராமியப் படத்தின் அடையாளங்களாக நிலைநிறுத்தியது.

உரையாடல் மொழியைத் தொடர்ந்து கவனித்தாலே இந்த வரலாறு புலப்படும். வடசொற்கள் கலந்த நடை, அடுக்குமொழி, வட்டார வழக்கு என்று திரையின் மொழி மாறிய ஒவ்வொரு கட்டத்திலும், கதையின் மையத்தில் இருக்கத் தகுதியானவர் யார் என்ற எண்ணமும் மாறியிருக்கிறது. தெய்வமும் அரசனும் இருந்த அந்த இடத்துக்கு, 'பதினாறு வயதினிலே'யில் ஊரார் ஏளனம் செய்த சப்பாணி வந்து சேர்ந்தான்.