கார உலோகங்களை இனங்கண்ட வரலாறு

கார உலோகங்கள் என்பன ஆவர்த்த அட்டவணையின் முதல் தொகுதியில் ஹைட்ரஜனுக்குக் கீழே அமைந்த லிதியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம் ஆகிய ஆறு மூலகங்களாம். நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றிக் காரத்தை உண்டாக்குவதும், எப்போதும் ஒற்றை இணைதிறனே காட்டுவதும் இவற்றின் பொதுக் குணங்கள். இவ்வொற்றுமையே இவற்றுட் சிலவற்றை நெடுங்காலம் மறைத்தும் வைத்தது.

சோடாவும் பொட்டாசும் வெவ்வேறானவை என்பதை, அவற்றின் உப்புகள் சுடருக்கு முறையே மஞ்சளும் ஊதாவும் ஊட்டுவதைக் கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்க்கிராஃப் காட்டினார். அவ்விரண்டின் உலோகங்களையும் 1807-இல் ஹம்ப்ரி டேவி லண்டனில் மின்சாரத்தால் பிரித்தெடுத்தார்.

மூன்றாவதன் கதை இரசாயன நியாயத்திற்குச் சிறந்த உதாரணம். ஸ்டாக்ஹோமில் பெர்சீலியசின் ஆய்வுக்கூடத்தில் பெட்டலைட் என்னும் கனிமத்தைப் பகுத்த ஆர்ஃவெட்சன், 1817-இல் அதில் ஒரு காரத்தைக் கண்டார். டார்ட்டாரிக் அமிலத்தால் வீழ்படியாமையால் அது பொட்டாசு அன்று என்றும், கார்பனேட்டு நீரில் அரிதாகவே கரைவதாலும், சம எடையில் சோடாவைவிட மிகுதியான அமிலத்தை நடுநிலையாக்குவதாலும் சோடாவும் அன்று என்றும் நிச்சயித்தார். உலோகத்தைக் கண்ணாற் காணாமலே லிதியத்தை நிறுவிய பெருமை அவருடையது.

எடையை நம்பிய இதே முறை பிளாட்னருக்குக் கைகொடுக்கவில்லை. எல்பாத் தீவின் பொலூசைட் கனிமத்தை 1846-இல் அவர் பகுத்தபோது, உறுப்புகளின் கூட்டுத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 93 அளவிலேயே நின்றுவிட்டது. சீசியத்தின் கனத்த உப்புகளைப் பொட்டாசியம், சோடியம் இவற்றின் உப்புகளாக எண்ணிக் கணக்கிட்டதே குறைக்குக் காரணம் என்று 1864-இல் பிசானி விளக்கினார். குறையை மூடி மறைக்காமல் உள்ளபடியே வெளியிட்ட பிளாட்னரின் நேர்மையும் போற்றத்தக்கதே.

இதற்கிடையே, சுடரின் ஒளியைத் தனித்தனி நிறக்கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி தோன்றியிருந்தது. துர்க்ஹைம் ஊற்றுநீரின் உப்புகளில் 1860-இல் இரு நீலக்கோடுகளைக் கண்ட பன்சனும் கிர்க்காஃப்பும் சீசியத்தையும், மறு ஆண்டில் லெப்பிடோலைட்டில் செங்கோடுகளைக் கண்டு ருபீடியத்தையும் அறிவித்தனர். ஆயினும் கோடு காட்டியதைக் கைக்குக் கொண்டுவரப் பழைய இரசாயனமே வேண்டியிருந்தது: பிளாட்டினம் குளோரைடு சேர்த்தால் பொட்டாசியம், ருபீடியம், சீசியம் மூன்றுமே மஞ்சள் வீழ்படிவாகப் படியும், அதனைக் கொதிநீரால் திரும்பத் திரும்ப அலசினால், எளிதிற் கரையும் பொட்டாசிய உப்பு நீங்கி, ஏனைய இரண்டும் எஞ்சும்.

ஆறாவதைக் காட்டிக்கொடுத்தது ஒற்றுமையே. பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் மார்கரீத் பெரே 1939-இல் தூய்மையாக்கிய ஆக்டினியத்தில் இனந்தெரியாத ஒரு கதிர்வீச்சைக் கண்டு, அதன் கரைசலில் சீசிய உப்பைச் சேர்த்துப் பெர்குளோரேட்டாக வீழ்த்தினார். கதிரியக்கம் சீசியத்தோடு சேர்ந்தே படிந்தது. ஏறக்குறைய 22 நிமிடத்தில் பாதியாய்க் குறையும் அப்பொருளை நிறுக்கவோ காணவோ இயலாதாகையால், எதனோடு படிகிறது என்பதே அது 87-ஆம் மூலகம் என்பதற்குச் சான்றாயிற்று.