அதிகப்பிரசங்கி



பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் பிள்ளை இடையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே!" என்று அதட்டுவது நம் வீடுகளில் வழக்கம். ஒரே கேள்வி கேட்ட பிள்ளையிடம் 'அதிகம்' எங்கிருந்து வந்தது? இச்சொல் நடந்து வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

பிரசங்கம் வடசொல். அம்மொழியில் ஒட்டுதல், தொடர்பு, சந்தர்ப்பம் என்பன அதன் பழைய பொருள்கள். தர்க்க நூலார் 'அதிப்பிரசங்கம்' என்றொரு குற்றம் கூறுவர். ஒரு விதி தன் எல்லையைக் கடந்து, வேண்டாத இடத்திலும் போய் ஒட்டிக்கொள்வதே அது. தமிழிலோ பிரசங்கம் என்றால் பேச்சு என்றே ஆயிற்று.

கிறிஸ்தவப் பாதிரிமார் தேவாலயத்தில் செய்யும் சமய உரைக்கு இச்சொல்லையே வைத்துக்கொண்டனர். சைவக் கோயில்களில் அந்நாளில் புராண படனம் நடந்துவந்தது. ஒருவர் பாட்டை வாசிப்பார்; மற்றொருவர் பொருள் சொல்வார். தாமே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, மக்களை நோக்கித் தொடர்ந்து பேசும் முறையை அங்கே நிலைநாட்டியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பாதிரிமாரின் பேச்சு முறையை அருகிருந்தே கண்டவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். பக்தியோடு நில்லாமல் குடியின் கேடு, கொல்லாமை, தானம் என்று வீட்டு வாசல்வரை வந்த விஷயங்களையும் பேசினார். கல்வி சிலருக்கே கிட்டிய காலத்தில், காதால் கேட்டே கற்க அது ஒரு வழி.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்திற்குப் பின், மேடையில் 'சொற்பொழிவு' வந்து அமர்ந்தது. பிரசங்கம் பெரும்பாலும் தேவாலயத்தோடு நின்றது. அதிகப்பிரசங்கி மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை!

சொல்லின்படி பார்த்தால் அளவுக்கு மீறிப் பேசி அலுப்பூட்டுபவரையே அப்படி அழைக்க வேண்டும். (வாத்தியார்தான் முதல் ஆள் என்று நீங்கள் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது.) ஆனால் மேடையில் இரண்டு மணி நேரம் பேசுபவருக்கு மாலை விழுகிறது. அந்தக் காலத் தோட்டத்தில், பால் எடையில் சந்தேகம் கேட்ட தொழிலாளிதான் அதிகப்பிரசங்கி எனப் பெயர் வாங்கினார். நீளத்தை அளந்த சொல், பேசுபவனின் நிலையை அளக்கத் தொடங்கிவிட்டது. தர்க்க நூலார் சொன்ன குற்றம் இச்சொல்லுக்கே நேர்ந்தது என்போம்.

மலாய் மொழியில் ஒரு வேடிக்கை. 'செராமா' என்ற சொல்லுக்கு வாயாடி, ஓயாது பேசுகிற என்றும் பொருளுண்டு. இன்று அதுவே மதிப்புள்ள பொதுச் சொற்பொழிவுக்குப் பெயர். தேர்தல் வந்தால் நாமும் இரவு வெகுநேரம் வரை அமர்ந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம்.