மூன்று சபைகள், மூன்று மொழிகள்

கல்கத்தாவிலே குடியேறி வாழும் தமிழராகிய நாம், இந்நகரம் நமக்களித்த நன்மைகளை எண்ணும்போது பிழைப்பையும் கல்வியையுமே முதலிற் கூறுகிறோம். இந்நகரம் கற்பித்த வேறொரு பாடமும் உண்டு. விஞ்ஞானத்தை எவருக்குச் சொல்கிறோமோ, அவர்தம் மொழியிலே சொல்ல வேண்டும் என்பதே அது. அதற்குச் சான்றாக விளங்கியவர் பேராசிரியர் சத்யேந்திரநாத் போஸ் (1894–1974).

ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. போஸும் மேகநாத் சாஹாவும் அவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920-இல் நூலாக வெளியிட்டது. இந்தியக் கல்லூரி மாணவருக்கு அன்று எட்டிய மொழி ஆங்கிலமே.

1924-இல் டாக்காவில் ஆசிரியராயிருந்த போஸ், பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் புதுமுறையில் நிறுவி, ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தாமே அதனை ஜெர்மனியிற் பெயர்த்து, அந்நாட்டுப் பௌதிக இதழில் வெளிவரச் செய்தார். அத்துறை வல்லுநர் சபையில் அன்று வழங்கிய மொழி அது. டாக்கா ஆசிரியரின் பெயர் உலகறிந்தது.

ஆயினும் போஸுக்கு மூன்றாவதொரு சபையும் இருந்தது; அது ஆங்கிலம் அறியாத வங்க மக்கள் சபை. அவர்களுக்காக அவர் முயற்சியால் 1948 ஜனவரியில் கல்கத்தாவில் வங்கீய விஞ்ஞான பரிஷத் தோன்றியது. 'அறிவும் அறிவியலும்' எனப் பொருள்படும் 'ஞான் ஓ பிஞ்ஞான்' என்ற திங்களிதழும் வெளிவரலாயிற்று. தாய்மொழி எளிய விளக்கத்துக்கே உதவும், ஆராய்ச்சிக்கு ஆகாது என்பார்க்கு விடையாக, 1963-இல் ஆராய்ச்சிக் கட்டுரைகளாலேயே ஒரு மலரையும் அவ்விதழ் வெளியிட்டது.

அப்பரிஷத் பிறந்த வேளையில் மேற்கு வங்கத்தின் கவர்னராயிருந்தவர் நம் இராஜாஜி. அவரும் இப்பணிக்குப் புதியவரல்லர். 1916-இலேயே சேலத்தில் வெங்கடசுப்பையருடன் கூடி, விஞ்ஞானத்திற்குத் தமிழ்க் கலைச்சொற்கள் ஆக்கச் சங்கம் கண்டவர். பின்னர் 'திண்ணை ரசாயனம்', 'தாவரங்களின் இல்லறம்' என்ற நூல்களையும் எழுதினார். கலைச்சொல் கற்றோருக்கு வேண்டும். மற்றோருக்குத் திண்ணைப் பேச்சு வேண்டும். மகரந்தச் சேர்க்கை என்றால் விழிக்கும் பாட்டியும், செடிகளின் இல்லறம் என்றால் செவி சாய்ப்பாளன்றோ?

இனி நம் இல்லங்களை நோக்குவோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் பயில்கின்றனர். தெருவில் வங்கமொழி பேசுகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் சென்றால், "தண்ணீரை ஏன் காய்ச்சிக் குடிக்க வேண்டும்?" என்று பாட்டி கேட்கிறாள். காரணம் அவர்களுக்குத் தெரியும்; சொல்லத் தமிழ் வருவதில்லை. அறிந்ததைத் தம் அன்புக்குரியார்க்கே உரைக்க இயலாத கல்வி, பாதிக் கல்வியென்றே கருதுகிறோம்.

சங்கத்தின் தமிழ் வகுப்பிலே கதையும் பாட்டும் கற்பிக்கிறோம். அவற்றோடு, வாரத்தில் ஒரு நாள் நம் சிறுவர் தாம் கற்ற விஞ்ஞானத்தைத் தமிழிலே பேசிப் பழகவும் செய்வோமாக. அடுத்த விடுமுறையில் பாட்டிக்கு விடை கிடைக்கட்டும்.