காசநோய்க்கு மாத்திரை மட்டும் போதுமா? வீட்டுக்கே அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு சொல்வது என்ன?

"நல்லா சாப்பிடுங்க. முட்டை, பால், பருப்பு எல்லாம் சேர்த்துக்கோங்க." காசநோய் உறுதியானதும் மாத்திரையோடு சேர்த்து நோயாளிக்குக் கிடைக்கும் அறிவுரை இது. ஆனால் தினக்கூலியில் ஓடும் குடும்பத்தில், சம்பாதிக்கிற ஆளே படுத்துவிட்டால் முட்டைக்கும் பாலுக்கும் காசுக்கு எங்கே போவது? அறிவுரைக்குப் பதிலாக உணவையே கொடுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு.

சாப்பாட்டுக்கும் காசநோய்க்கும் என்ன தொடர்பு?

காசநோய்க் கிருமி உடலுக்குள் போனவுடன் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமியின் தொற்று இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறுகிறது. மற்றவர்களின் உடலில் நோய் எதிர்ப்புச் சக்தி கிருமியை அடக்கியே வைத்திருக்கிறது.

அந்தக் காவலைத் தளர்த்துபவற்றில் முக்கியமானது ஊட்டச்சத்துக் குறைபாடு. எச்ஐவி, சர்க்கரை நோய், புகை, மது ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் இருப்பதற்கு ஊட்டச்சத்துக் குறைபாடும் ஒரு பெரிய காரணம்.

சென்னையில் தொடங்கிய கதை

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1950-களில் காசநோய் என்றாலே சானடோரியம்தான். ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை என்று நம்பப்பட்டது. ஆனால் அத்தனை நோயாளிகளுக்கும் படுக்கை கிடையாது.

1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மற்றொரு பிரிவுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இட நெருக்கடி, வேலையும் அதிகம். ஆனாலும் குணமடைந்ததில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அது பெரிய சாதனைதான். ஆனால் அதோடு இன்னொரு எண்ணமும் பரவியது: மருந்து சரியாக இருந்தால் சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, அந்த எண்ணத்தைத்தான் ஜார்க்கண்ட் ஆய்வு மாற்றி எழுதியிருக்கிறது.

ஆய்வு எப்படி நடந்தது?

மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து இந்த ஆய்வை நடத்தினர். 2019 ஆகஸ்டில் தொடங்கி 2022 ஆகஸ்ட் வரை, ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்தது. பங்கேற்றவர்கள் 2,800 நோயாளிகள், அவர்களின் குடும்பத்தினர் 10,345 பேர்.

நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ அளவிலான உணவுத் தொகுப்பு கொடுக்கப்பட்டது. அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. ஒரு பிரிவில் மட்டும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை தரப்பட்டது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் கூடுதலாகக் கிடைக்கும் கணக்கு. மற்ற பிரிவின் குடும்பத்தினருக்கு அது தரப்படவில்லை. இரண்டு ஆண்டு வரை யாருக்கெல்லாம் நோய் வருகிறது என்று கண்காணித்தார்கள்.

முடிவு என்ன?

உணவு கிடைக்காத 4,712 குடும்ப உறுப்பினர்களில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு கிடைத்த 5,602 பேரில் 96 பேருக்கு வந்தது. மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைவு. சுமார் 30 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இந்த முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளியாயின.

நோயாளிகளின் நிலை இன்னும் கவனிக்க வேண்டியது. சிகிச்சை தொடங்கும்போது ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். ஆண்களின் சராசரி எடை சுமார் 43 கிலோ, பெண்களுக்கு 36 கிலோ. முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ உள்ளவருக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ!

அப்போ மாத்திரை வேண்டாமா?

அப்படி இல்லவே இல்லை. காசநோயைக் குணமாக்குவது மருந்துதான். உணவு அதற்கு மாற்று கிடையாது. மருந்தைப் பாதியில் நிறுத்தினால், எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் நோய் திரும்பி வரலாம். மருந்துக்குக் கட்டுப்படாத நிலைக்கும் போகலாம்.

ஆய்வுக்கு ஒரு வரம்பும் உண்டு. நோயாளிகளில் யாரையும் உணவில்லாமல் விடுவது சரியல்ல என்பதால் எல்லோருக்குமே உணவு தரப்பட்டது. எனவே எடை கூடியவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று சொல்லலாமே தவிர, உணவு ஒன்றால்தான் பிழைத்தார்கள் என்று அறுதியிட முடியாது. குடும்பத்தினருக்கான முடிவு அப்படியல்ல. அது இரு பிரிவையும் ஒப்பிட்டுக் கிடைத்தது என்பதால் வலுவானது.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

2022-ல் தொடங்கப்பட்ட 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இங்கே செயல்படுகிறது. நோய் உறுதியானதும் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: எடை மிகமிகக் குறைவாக இருக்கிறதா, மூச்சுத் திணறல் உள்ளதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள்.

நோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசின் 'நிக்‌ஷய் போஷண்' திட்டத்தில் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் இது 1,000 ரூபாய். தன்னார்வலர்கள் மூலம் தரப்படும் உணவுத் தொகுப்பைக் குடும்பத்தினருக்கும் விரிவாக்குவதாக அப்போது அறிவிக்கப்பட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் ரத்தம் இருந்தால் உடனே பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.
* வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்ற எல்லோரும் பரிசோதனை செய்ய வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால், தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
* சிகிச்சை தொடங்கும் நாளிலேயே எடையைக் குறித்து வையுங்கள். எடை கூடாவிட்டாலோ, குறைந்தாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
* உதவித்தொகை வங்கிக் கணக்கில் வரவில்லை என்றால் சிகிச்சை பெறும் மையத்தில் கேளுங்கள். கட்டணமில்லா காசநோய் உதவி எண்: 1800-11-6666.