ரத்திக் கட்டில் கிடைத்த இரும்புக்கை

கோவண்டி ஸ்டேஷனுக்கு அருகில் 1981 முதல் ரத்தி வியாபாரம், அதாவது பழைய பேப்பர் வியாபாரம், செய்து வருகிறேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. தான். மற்றதெல்லாம் எடைத் தராசில் வந்து விழுந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தத் தராசில் ஒரு பாவமும் செய்திருக்கிறேன். 1993 வாக்கில் மாட்டுங்காவில் ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது மூன்று சாக்கு தமிழ் காமிக்ஸ் போட்டார்கள். பையனுக்கென்று ஒரு கட்டு ஒதுக்கிவிட்டு மீதியைப் பேப்பர் மில்லுக்கு ஏற்றிவிட்டேன். கிலோ கணக்குதானே பார்த்தேன்!

அப்படிப் போனது என்ன என்று பிறகுதான் உறைத்தது. சிவகாசியில் முத்து காமிக்ஸை 1972-இல் எம். சவுந்திரபாண்டியன் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. லண்டனில் 'வேலியண்ட்' வார இதழில் 1962 முதல் வந்த சித்திரக்கதை அது. வலது கை எஃகு. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் மிதக்கும். வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்தில் பன்னிரண்டு வயசில் நான் அதைப் படித்துவிட்டு, ஸ்விட்சைத் தொடப் பயந்தவன். 1984-இல் சவுந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸ் தொடங்கினார். மாடஸ்டி என்ற பெண் சாகசக்காரிதான் முதல் நாயகி. அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது, 2005-இல் நின்றுபோனது.

நம்ம பம்பாய்க்கும் இதில் பங்குண்டு. வி.டி. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியது. முதல் நாயகன் ஃபேன்டம். அவன் வாழும் காட்டின் பெயர் மூலத்தில் பெங்காலா. வங்காளம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று டெங்காலி ஆக்கினார்கள். தமிழிலும் இந்திரஜால் வந்தது. 1990-இல் எல்லாமே முடிந்தது.

அங்கே வேலை பார்த்த அனந்த் பை, 1967-இல் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றைப் பார்த்தாராம். கிரேக்க தேவர்களைப் பற்றிச் சொன்ன பிள்ளைகளுக்கு ராமனின் தாய் பெயர் தெரியவில்லை. அமர் சித்திரக் கதை அப்படித்தான் பிறந்தது. ஆனால் வரிசையில் முதல் பத்து எண்களும் மேல்நாட்டுக் கதைகள், பதினோராவதுதான் கிருஷ்ணன். பிறகு மகாவீரர் வரலாறும் வந்தது. எங்கள் வீட்டில் அம்மா உள்ளே விட்ட ஒரே படக்கதை அது. "அகிம்சை பேசுகிற நயினார் வீட்டில் துப்பாக்கிக் கதையாடா?" என்பார். நியாயம்தான். ஆனால் மகன் மராட்டிப் பள்ளியில் படித்தவன். அவன் 'ழ'கரம் படித்தது அந்தத் துப்பாக்கிக் கதைகளில்தான், மகாவீரரில் அல்ல! அம்மாவுக்குத் தெரியாமல் பேப்பர் கட்டுக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தேன்.

இப்போது காமிக்ஸுக்குத் திருவிழாவே நடக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970 முதல். நம் நாட்டில் டில்லியில் 2011 முதல். மும்பையில் கஃப் பரேடில். சென்னைக்கு 2024 பிப்ரவரியில்தான் வந்தது, நந்தம்பாக்கத்தில். என் பேரனும் மும்பை விழாவுக்குப் பேட்மேன் வேஷம் கட்டிப் போய்வந்தான். "தமிழ்க் கடை இருந்ததா?" என்றேன். "தமிழில்கூட காமிக்ஸ் இருக்கா தாத்தா?" என்றான். எனக்கு என்னவோ போலிருந்தது. தடுமாறிக் கிடந்த லயன், 2012 ஜனவரியில் மறுபடி எழுந்து வந்துகொண்டிருக்கிறது என்பதை அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நானே சொல்லவில்லையே.

அன்று ஒதுக்கிய கட்டில் மிஞ்சியது பதினேழு இதழ்கள். அட்டை போனவை ஆறு. தமிழ் இந்திரஜால் ஒன்றுகூட இல்லை. தாராவி, செம்பூர், மாட்டுங்கா வீடுகளில் பரண்மேல் இருந்தால் எடைக்குப் போடாமல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கடைக்கு வருவதானால் சாயங்காலம் ஆறுக்குள் வாருங்கள். இருட்டுமுன் சாப்பிடுகிற வழக்கம், கடையைச் சீக்கிரம் சாத்திவிடுவேன்.